இடம் வாங்குகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் ஆறு சோதனைகள்

பத்திரம் பதிவாகிவிட்டால் இடம் நமக்குத்தான் என்று பலர் நம்புகிறார்கள். 2025 ஏப்ரல் 7 அன்று கே. கோபி வழக்கில், விற்பவர் தன் உரிமையைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்ன, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ(i) செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பது அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம். உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்தால், பதிவான பத்திரமும் உரிமையைத் தராது. அலுவலக நடைமுறைகள் எப்படி மாறினாலும் ஆராயும் பொறுப்பு வாங்குபவருடையதே.

1. மூலப்பத்திரம்: ஜெராக்ஸை நம்பாதீர்கள், அசலைக் கேளுங்கள். வங்கியில் இருக்கிறது என்றால், உரிமையாளருடன் கிளைக்கே போய்க் கடன் பாக்கியை உறுதிசெய்யுங்கள். தொலைந்துவிட்டது என்றால், காவல்துறைச் சான்றையும் நாளிதழ் அறிவிப்பையும் கேளுங்கள்.

2. வில்லங்கச் சான்று: பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே இதில் வரும். பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது. அதனால் அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

3. பட்டா: பெயர், பரப்பு, சர்வே எண், உட்பிரிவு ஆகியவை பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது.

4. வாரிசுகள்: பூர்விகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு; சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. பவர்: பொது அதிகாரப் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் கைமாறினால் சொத்து கைமாறாது என்பது சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-ல் வந்த தீர்ப்பு. பவர் ஏஜென்ட் விற்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்; பவரை ரத்து செய்துவிட்டாரா என்று அவரிடமே கேளுங்கள்.

6. வழக்கு: இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைத் தேடுங்கள். உரிமை வழக்கு நடக்கும்போது வாங்கினால், அதன் தீர்ப்பு பொதுவாக உங்களையும் கட்டுப்படுத்தும்.

இவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்து, எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள். ‘வேறொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க’ என்று புரோக்கர் அவசரப்படுத்தினாலும், அந்தக் கருத்து கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.