மூளையின் கடைமடை

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடம் அறிவியற் கட்டுரை ஒன்று கேட்டார்கள். உடலியங்கியல் படிப்பவன் தவளையைப் பற்றி எழுதுவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் என் தாத்தாவைப் பற்றி எழுதப்போகிறேன். அவருடைய மூளையில் ஓடிய சிறு இரத்தக் குழாய்களைப் பற்றி என்று சொல்வது இன்னும் பொருந்தும்.

தாத்தா மயிலாடுதுறையில் ஓர் அரிசி மண்டியில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். மூன்று பத்திகளை ஒரே மூச்சில் கூட்டி அடியில் தொகை போடுவார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பாட்டி காலமான பிறகு போபாலுக்கு வந்து எங்களோடு தங்கினார். அப்போது எனக்கு வயது பதின்மூன்று. ஹிந்தியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆகவே அவர் பேச்சு குறைந்ததை எங்களுள் எவரும் நோய் என்று எண்ணவில்லை. மொழி தெரியாத ஊரில் மனிதர் மௌனமாக இருப்பது இயல்புதானே என்று விட்டுவிட்டோம். சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பார். பால் கணக்குப் பார்க்கக் காலைப்பொழுது முழுவதும் எடுத்துக்கொள்வார். நடை சிறுத்துக் கால் தரையை உரசலாயிற்று. ஆனால், மண்டிக்கு வந்துபோன வியாபாரிகளின் பெயர்களைக் கேட்டால் ஊர் ஊராகச் சொல்வார்! நினைவு இவ்வளவு தெளிவாக இருக்கையில் மூளைக்கு என்ன குறை என்று இருந்துவிட்டோம். தவறியது அங்கேதான்.

அந்தத் தவற்றை விளங்கிக்கொள்ள மூளையின் பாசனத்தைச் சிறிது அறிய வேண்டும். உடல் எடையில் நூற்றில் 2 பங்கே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் 20 பங்கை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாளிக்குச் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. இரத்த ஓட்டம் நின்றால் ஏறக்குறைய பத்து வினாடிகளில் நினைவு தப்பிவிடும். மூளையின் நுண்ணிய தந்துகிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூளையின் அடிப்பாகத்தில் பெரிய தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. 1664இல் இதை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் அது வழங்கப்படுகிறது. ஒரு குழாய் அடைபட்டால் மற்றொன்று ஓரளவு கைகொடுக்கும். ஆனால், வளையத்தைத் தாண்டி மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மெல்லிய கிளைகளுக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொன்றும் தன் பங்கு நிலத்துக்குத் தனித்தே நீர் கொண்டு செல்கிறது. தஞ்சைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது கடைமடைப் பாசனம். மேட்டூரில் நீர் குறைந்தாலும் கடைமடைதான் முதலில் காயும். வாய்க்கால் தூர்ந்தாலும் கடைமடைதான் காயும்.

வாய்க்காலைத் தூர்ப்பது எது? முதற் குற்றவாளி இரத்தக் கொதிப்பு. பல ஆண்டுகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் சிறு தமனியின் சுவர் தடிக்கிறது, உள்வழி சுருங்குகிறது. நீரிழிவும் புகையிலையும் அதற்குத் துணை நிற்கின்றன. கடைசியில் வழி அடைபட்டு, அந்த இடத்தில் மூளைப்பொருள் மடிந்து சிறு குழியாகிவிடுகிறது. 1960களில் மில்லர் ஃபிஷர் என்னும் மருத்துவர், இறந்தோர் மூளைகளில் இத்தகைய குழிகளையும் அவற்றுக்குச் செல்லும் குழாய்களையும் பொறுமையாக ஆராய்ந்து விளக்கினார். பெரும்பாலான குழிகள் 15 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. பல குழிகள் தோன்றும்போது நோயாளிக்கே தெரிவதில்லை. கை இழுப்பதில்லை, வாய் கோணுவதில்லை.

இன்னொரு காரணம் பௌதிக மாணவர்களுக்குப் பிடிக்கும். இதயம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. ஆனால் திசுக்களுக்கு இரத்தம் ஏறக்குறைய சீராகச் செல்ல வேண்டும். இந்த முரணைத் தீர்ப்பது பெருந்தமனியின் மீள்தன்மை. துடிப்பின்போது விரிந்து இரத்தத்தை ஏற்று, ஓய்வின்போது சுருங்கி முன்னே தள்ளுகிறது. தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறை போல் அது வேலை செய்கிறது என்று ஸ்டீபன் ஹேல்ஸ் 1733லேயே ஒப்பிட்டார். வயதாலும் கொதிப்பாலும் பெருந்தமனி விறைத்துப்போனால், துடிப்பின் அடி தணியாமல் மூளையின் சிறு குழாய்கள் வரை போய் மோதுகிறது. சிறுநீரகத்துக்கும் இதே கதிதான். இரண்டுமே ஓட்டத்துக்குத் தடை குறைந்த, இரத்தத்தை மிகுதியாக வாங்கும் உறுப்புகள் அல்லவா?

இனித் தாத்தாவிடம் வருவோம். மூளையின் ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் வெண்பொருள். நரம்புக் கம்பிகள் ஓடும் இடம் அது. தந்தி அலுவலகங்கள் நன்றாக இருந்து கம்பிகள் மட்டும் பழுதானால் செய்தி அழியாது. தாமதமாகப் போய்ச் சேரும். சிறு குழாய் நோயில் பல வேளைகளில் முதலில் கெடுவது நினைவு அன்று. சிந்தனையின் வேகம், ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் திறன், நடை ஆகியவையே தளர்கின்றன. பழைய பெயர்கள் பத்திரமாக இருக்கும். பொத்தான் போட முடியாது.

எனக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் காலை, தாத்தா காப்பி டம்ளரையும் டபராவையும் கைகளில் வைத்துக்கொண்டு, அடுத்துச் செய்ய வேண்டியது தெரியாமல் விழித்தார். மருத்துவரிடம் அழைத்துப்போனோம். மருத்துவர் ஹிந்தியில் கேட்பார். நான் தமிழில் சொல்வேன். தாத்தாவின் விடையை ஹிந்தியாக்குவேன். 100இலிருந்து 7ஐக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தாத்தா “93” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் கழித்தலில் நின்றுபோனதை அயலார் முன் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 86, 79, 72 என்று நானே ஹிந்தியில் சொல்லிவிட்டேன். மருத்துவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இடது கால் இழுத்துக்கொண்ட பிறகே எம்.ஆர்.ஐ. படம் எடுத்தோம். வெண்பொருளில் மேகத்திட்டுகள் போல வெளிறிய பரப்பு. ஆழத்தில் நான்கைந்து குழிகள். ஊரில் இருந்தபோதே கொதிப்பு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்களாம். தலைச்சுற்றல் நின்றதும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது தாத்தா காலமானார்.

மறதி நோய் என்றாலே அல்சைமர் நோய் என்று நினைக்கும் வழக்கம் இருக்கிறது. அல்சைமர் தம் புகழ்பெற்ற நோயாளியைப் பற்றி உரையாற்றியது 1906இல். அதற்கு முன்பே, 1894இல், பின்ஸ்வாங்கர் இரத்தக் குழாய்க் கேட்டால் வெண்பொருள் நலிவதை எழுதியிருந்தார். இரண்டும் ஒரே மூளையில் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 102 பேரின் மூளைகளை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. அல்சைமர் மாற்றங்கள் உள்ள மூளைகளிலும், ஆழத்தில் ஒன்றிரண்டு குழிகள் சேர்ந்தவர்களுக்கே வாழ்நாளில் அறிவுத் தளர்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது.

குழியை மீண்டும் நிரப்ப மருந்தில்லை. வாய்க்காலைக் காக்க வழி உண்டு. அதற்குரிய காலம் எழுபது வயதன்று. இலண்டன் அரசு அலுவலர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் சொன்னது இது: 50 வயதில் மேல் அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு 38 விழுக்காடு அதிகம். 60, 70 வயதுகளில் அளந்தபோது இத்தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 9,361 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழும் மற்றவரதை 140க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். முதற் பிரிவில் லேசான அறிவுத் தளர்ச்சி 19 விழுக்காடு குறைந்தது. முழு மறதி நோயும் குறைந்தது போல் தோன்றினாலும், புள்ளியியல் அதை உறுதிப்படுத்தவில்லை. நீரிழிவுக்காரர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவும் இல்லை. ஆகவே, எவருக்கு எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மிக முதியவர்களுக்கு அளவுக்கு மீறிக் குறைத்தால் தலைசுற்றி விழுவார்கள்.

50 வயது என்றதும் எனக்குத் தாத்தா நினைவுக்கு வரவில்லை, அப்பா வந்தார். அவருக்கு இப்போது 52. தீபாவளி விடுமுறையில் வீட்டில் அளந்தேன்: 152/94. மறுநாளும் ஏறக்குறைய அதே. “எனக்குத் தலைவலிகூட இல்லையேடா” என்றார். தாத்தாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். இரண்டு நாள் வாதாடிய பின் மருத்துவரிடம் வந்தார். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் அளவைச் சொல்கிறார். சென்ற வாரம் 136/84. மாத்திரை விழுங்கினாரா என்பதற்கு அம்மா சாட்சி. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதைச் சொன்னேன். நம் விடுதிக்கு வரும் மாவடு ஜாடியின் நிலை என்ன என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

நான் வாங்கிய இரத்த அழுத்தமானி இப்போது சங்க அறை அலமாரியில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். அளப்பதற்கு அரை மணி முன்பு காப்பியும் புகையும் கூடாது. முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்கலம் நான்கு வேண்டும். அதை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்க.