ஆலைக்குச் செல்லும் மின்கம்பியும் அதன் கீழுள்ள நிலமும்

1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோயம்புத்தூர்ப் பகுதியில் பஞ்சாலைகள் விரைந்து பெருகின. நீலகிரியில் பிறந்த மின்சாரம் காட்டையும் கழனியையும் கடந்தே ஆலைகளை அடைந்தது. இன்றும் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் நம் குடியானவர்களின் நிலங்களின் மேல்தான் செல்கின்றன. ஆகவே அவற்றைக் காப்பது மின்வாரிய ஊழியர்களின் பொறுப்பு மட்டுமன்று.

கம்பியில் நொடிப்பொழுது பழுது நேர்ந்தாலும் ஆலையின் மோட்டார்கள் நின்றுவிடக்கூடும். நூற்பாலையாயின் இழைகள் அறுந்துபோகும். அவற்றை இணைத்து மீண்டும் ஓட்ட நெடுநேரம் பிடிக்கும். அங்கே கூலி இழப்போரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உளர்.

மின்னலைத் தாங்கக் கோபுரத்தின் உச்சியில் தனிக்கம்பி உண்டு. மரத்தைத் தடுக்க அவ்வாறு ஏதுமில்லை. உயர் அழுத்தக் கம்பியைக் கிளை தொடவேண்டும் என்பதில்லை. நெருங்கினாலே காற்றினூடே மின்சாரம் பாய்ந்துவிடும். வெயிலாலும் மிகுந்த மின்னோட்டத்தாலும் கம்பி நீண்டு தொய்யும். மார்கழியில் எட்டாத மூங்கில் சித்திரையில் எட்டிவிடும். 110 கிலோவோல்ட் பாதைக்கு 22 மீட்டர் அகலம் வேண்டுமென்பது இதனாலேயே. அவ்வகலத்தில் தென்னையும் சவுக்கும் நடுவது வீண் செலவு. நிலக்கடலையோ உளுந்தோ பயிரிடலாம். பாதைக்காக வெட்டப்பட்ட மரங்களுக்கு நஷ்டஈடு கேட்பது குடியானவரின் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டுவதில்லை.

கரும்புச் சோகையைக் கம்பியின் கீழே கொளுத்துவது பெருந்தீங்கு. அனலும் புகையும் சேர்ந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் திறன் காற்றுக்குக் குறைகிறது. கம்பியிலிருந்து தரைக்கே மின்பொறி பாயலாம். கொளுத்துபவரே முதலில் பலியாவார். சோகையைத் தூளாக்கி மூடாக்கு இட்டால் மண்ணில் ஈரமாவது நிற்கும்.

கோபுரத்தின் காலடியில் மண் வெட்டுவதையும், அதன் இரும்புச் சட்டங்களைக் கழற்றுவதையும் பஞ்சாயத்து பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, மின்பாதைப் பொருள்களைத் திருடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம்.

அறுந்து விழுந்த கம்பி அசையாமல் கிடப்பதால் அதில் மின்சாரம் இல்லையென்று எண்ணலாகாது. தானே துண்டிக்கும் கருவி இணைப்பை மீண்டும் கொடுப்பதும் உண்டு. ஈரநிலத்தில் மின்சாரம் பல அடி தூரம் பரவும். ஆட்களையும் கால்நடைகளையும் தொலைவில் நிறுத்திவிட்டு, மின்வாரிய அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புக. அப்போது கோபுரத்தில் எழுதியுள்ள எண்ணையும் சேர்த்துச் சொன்னால், ஊழியர்கள் வயல்வயலாகத் தேடாமல் நேரே அவ்விடத்துக்கு வந்து சேருவர்.