கைப்பேசிச் செய்தியும் பள்ளிப் பிள்ளைகளும்

மாடு வாங்கச் செல்பவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டும் பார்த்து, விற்பவர் எந்த ஊரார் என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுகிறார். அவரே, தம் மகன் கைப்பேசியில் காட்டும் செய்தியை யாதொரு விசாரணையுமின்றி நம்பிவிடுகிறார். மகனோ அதனைப் பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறான்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்ற வதந்தி நம் மாநிலத்தில் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தார் அவரை அடித்தே கொன்றுவிட்டனர். அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளில் பீதியூட்டிய காட்சி ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்கென எடுக்கப்பட்ட பிரசாரப் படமாகும். கடத்துவதாக நடித்தவர் குழந்தையைத் திரும்ப விட்டுச் செல்லும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டி நீக்கியிருந்தனர்.

நமது தென்காசி வட்டாரத்தில் இப்பாடத்தைக் கற்பிக்கக் குற்றால அருவிகளே போதும். சாரல் காலத்தில் வெள்ளக் காட்சி ஒன்று கைப்பேசிக்கு வருமாயின், அதனை வகுப்பில் காட்டி, இது எந்த அருவி என்று ஆசிரியர் கேட்கலாம். பேரருவியின் வளைவையும் ஐந்தருவியின் கிளைகளையும் நம் பிள்ளைகள் கண்ட மாத்திரத்தில் அறிவர். இடத்தைப் பொறுத்தவரை அவர்களை ஏமாற்றுதல் அரிது. இது என்று எடுக்கப்பட்டது என அடுத்துக் கேட்டால்தான் வகுப்பு மௌனமாகும். பேரருவியில் வளைவைத் தாண்டி நீர் கொட்டுவது பல ஆண்டுகளில் நிகழ்ந்திருப்பதால், பழைய படமும் இன்றைய படமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, அனுப்பியவரையே கேட்க வேண்டும்: தாங்கள் நேரில் கண்டதா, அன்றேல் பிறர் அனுப்பியதா? வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வருவது பல கை மாறி வந்த செய்தி. முதலில் சொன்னவர் யாரென்று அதில் தெரியாது.

ஐயுறுவதற்கு மட்டும் கற்பித்தால் அது அரைப் பாடமேயாகும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மெய்யான எச்சரிக்கையையும் 'இதுவும் புரளிதான்' என்று தள்ளிவிடும் பிள்ளையைக் குறித்து நாம் மிகவும் அஞ்சுகிறோம். உண்மை தெரியும்வரை அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பலாகாது. அருவிப் பக்கமும் செல்லலாகாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு டப்பா வர்ணத்துக்கு மேல் செலவில்லை.

அண்டையிலுள்ள கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், பொய்ச் செய்தியைப் பகுத்தறியும் பாடம் 2018-லேயே அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டது. நம் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துரைத்து, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம். பாடம் கேட்டு வீடு திரும்பும் பிள்ளை, 'இதை யார் சொன்னது, அப்பா?' என்று நம்மையே கேட்கக்கூடும். அப்போது தந்தைமார் கோபிக்கலாகாது.