அவரை என்னெண்டு கூப்பிடுறது?

அன்புள்ள மருமகளுக்கு,

வெள்ளவத்தைச் சந்தையடியில் வைத்து நீ கேட்ட கேள்வி இது. 100ஆம் நம்பர் பஸ் வந்ததால் பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். உண்மையில் பதில் கைவசம் இருக்கவுமில்லை.

அம்மா மறுமணம் செய்து எட்டு மாதம். "அவர் சாப்பிட்டாச்சோ எண்டு கேளுங்கோ" என்று அம்மா வழியாகவே நீ அவரோடு பேசுகிறாய். "அப்பா எண்டு சொல்லு" என்று அம்மம்மா நெருக்குகிறா. வேண்டாம். கொட்டாஞ்சேனையில் உனக்கு ஓர் அப்பா இருக்கிறார். இப்போதைக்கு "அங்கிள்" போதும்.

1707இல் ஒல்லாந்தருக்காகத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் மறுமணம் வருகிறது. மனைவியை இழந்தவர் மறுபடி கட்ட விரும்பினால், சிறு பிள்ளைகளைப் பெரும்பாலும் அம்மம்மா பொறுப்பெடுப்பார். தகப்பன், இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்தில் பாதியையும் கொடுத்துவிடவேண்டும். காணிபூமிக்கு அவ்வளவு கணக்கு. பிள்ளை புதியவளை என்னவென்று அழைக்கும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்றைய சட்டமும் பெரிதாக உதவாது. 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் "ஒத்துவரவில்லை" என்பது விவாகரத்துக்குக் காரணமல்ல. சோரம், கைவிட்டுப்போதல் என்று ஒருவரில் பிழை நாட்டவேண்டும். புதுக்கடைக் கோட்டில் உன் பெற்றோர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிப் பேசியது அதனாலும்தான். வழக்கு முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அம்மா வீட்டில் "கொப்பர் காசு தந்தவரோ?", அப்பா வீட்டில் "அந்தாள் எப்படி?" நீ சாட்சியுமில்லை, தபால்காரியுமில்லை. "நீங்களே கேளுங்கோ" என்று சொல், அது மரியாதைக்குறைவல்ல.

அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் ஏறத்தாழ 1,400 குடும்பங்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தவர். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பங்கினர் பாரிய சிக்கலின்றி வளர்ந்ததைக் கண்டார். புதிதாக வந்தவர் எடுத்தவுடன் கண்டிக்காமல், முதலில் சிநேகமாயிருப்பதே நல்லது என்றும் சொன்னார். இதை அங்கிளுக்கும் சொன்னேன்: "ரிப்போட்டைத் தாய் பார்க்கட்டும்."

ஆனால் எந்த வீட்டிலென்றாலும் யாராவது அடித்தாலோ, உனக்குப் பிடிக்காதபடி தொட்டாலோ பொறுக்காதே. என்னிடம் சொல், இல்லாவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடு.

நேற்று அங்கிள் எனக்கு ஃபோன் எடுத்தார். "பிள்ளைக்கு என்ன கறி விருப்பம்?" உன்னிடம் கேட்கப் பயமாம். நண்டு என்றேன். பிழையென்றால் நீயே அவரிடம் திருத்திச் சொல்.

மாமா