மேடு பள்ளமாய் ஒரு சித்திரம்: அக்ரிலிக் வர்ணத்தில் ஆரம்பப் பாடம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளைக் கைத்தொலைபேசியிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். சித்திரம் போடச் சொல்லுங்கள் என்றால், நம்மவர் வீடுகள் சிலவற்றில் உடனே ஒரு தயக்கம் எழுகிறது. உருவம் வரையலாமா என்பதே அந்தத் தயக்கம். அதை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். உயிருள்ளவற்றின் உருவத்தைக் குறித்து ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை இருப்பது உண்மை. ஆனால், சித்திரம் வரைந்தே பிழைத்துவந்த ஒருவர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரில்லாத பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழி காட்டியதாகவும் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாராமல், ஆசையோடு வர்ணப் பெட்டியைத் தொடும் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது சுலபம். அந்தப் பிள்ளை வர்ணத்தை மறந்துவிடும்; தட்டிய கையை மறக்காது.

உருவமில்லாத அழகு நமக்குப் புதிதுமன்று. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளித் தூண்களில் கல்தச்சர்கள் பூவும் கொடியுமாகவே செதுக்கி வைத்தார்கள். இந்த நாட்டிலும் அஹ்மத் காலித் யூசோப் என்னும் சித்திரக்காரர் 1970-களில் ஜாவி எழுத்துக்களையே அடுக்கடுக்காக எழுதிப் படமாக்கினார். 1995-இல் தேசியக் கலைஞர் விருது பெற்ற சையது அஹ்மத் ஜமால் குனோங் லேடாங் மலையைக் கோணங்களாகவும் வர்ணப் பட்டைகளாகவும் தீட்டினார். இவ்வகைக்கு அரூப சித்திரம் என்று பெயர். கோலாலம்பூரில் 1958-இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடம் இன்றும் நடக்கிறது. பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப் போய்க் காட்டலாம்.

அரூபம் என்றால் கண்டபடி கிறுக்குவதன்று. ஒரு பொருளைப் பார்க்கிறோம். அதன் வடிவத்தை விட்டுவிட்டு, அதன் நிறத்தையும் சொரசொரப்பையும் மட்டும் பலகைக்குக் கொண்டுவருகிறோம். நம் கோல சிலாங்கூரில் இதற்குப் பொருள் பஞ்சமே இல்லை. பாசிர் பெனாம்பாங்கில் நீர் வற்றியபின் தெரியும் சேறு, தஞ்சோங் காராங் வயல்களின் அறுவடை நிறம், கம்போங் குவாந்தானில் இருட்டும் மின்மினியும் என்று எதையும் எடுக்கலாம். (மின்மினிக்கு உயிர் உண்டே என்று கேட்பவர் இருப்பார், நாம் புள்ளிதான் வைக்கிறோம், பூச்சியை வரையவில்லை.) ஆனால் முதல் பாடத்துக்குப் பால்மரப் பட்டையே ஏற்றது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த பெஸ்தாரி ஜெயா, எங்கே திரும்பினாலும் இன்று செம்பனைதான். வெட்டிய பால்மரத்தைத் தொட்டுப் பாராத பிள்ளைகளே அதிகம். பக்கத்து வீட்டில் பால் வெட்டிய பாட்டியம்மா இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். உளி எந்தப் பக்கம் சரியும், பட்டைக்கு உள்ளே என்ன நிறம், மங்கின் விளிம்பில் காய்ந்த பால் எப்படி இருக்கும் என்று அவர் சொல்வார். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அக்ரிலிக் வர்ணமும் கித்தாப் பாலும் ஒருவகையில் உறவுமுறைதான். பாலில் மிக நுண்ணிய ரப்பர்த் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் போனதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பாலாவதில்லை. அக்ரிலிக்கும் அவ்விதமே. தண்ணீரில் கரைத்துப் பூசும் இவ்வர்ணம் 1950-களில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. ஈரத்தில் அதன் பசை வெள்ளையாக இருப்பதால், காய்ந்தபின் நிறம் சற்றுக் கறுத்துத் தெரியும். ஆகவே நினைத்ததைவிட ஒரு படி வெளுப்பாகவே கலக்கவேண்டும். தூரிகையை உடனே கழுவாவிட்டால் அது குச்சிதான்.

இனி வேலைக்கு வருவோம். ஓரடிச் சதுர ஒட்டுப்பலகை போதும். துணிச்சட்டம் வேண்டாம், கனத்த பூச்சு அதில் வெடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கரையும் வெள்ளைச் சுவர் வர்ணத்தை இரு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளையும். சுவர் வெடிப்பை அடைக்கும் வெள்ளைப் புட்டி மூன்று பங்கு, தச்சர்களின் வெள்ளைப் பசை ஒரு பங்கு கலந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தடவவேண்டும். அதற்கு மேல் கனம் வேண்டுமானால் முதல் பூச்சு காய்ந்தபின் மறு பூச்சு.

ஈரமாக இருக்கும்போதே பழைய சீப்பால் இடமேலிருந்து வலக்கீழாகச் சரிவாக இழுங்கள். உளி போன வழி அதுவே. பலகை முழுவதும் இழுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை வழவழப்பாகவே விடுங்கள், கண்ணுக்கு ஓர் இளைப்பாறும் இடம் வேண்டுமல்லவா? பழைய சாக்குத் துணியை அமுக்கி எடுத்தால் பட்டையின் சொரசொரப்பு வரும். மணல் தூவுவதானால், பந்தாய் ரெமிஸிலிருந்து அள்ளியதை நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்தே தூவவேண்டும். உப்பு இருந்தால் ஈரத்தை இழுக்கும். அரிசியும் பருப்பும் ஒட்டுகிறவர்கள் உண்டு. மளிகை வியாபாரியாகிய நாம் அதற்குச் சம்மதியோம். அது ரிஸ்க், போதாக்குறைக்கு வண்டும் எலியும் வரும். முட்டை ஓடு இருக்கிறதே!

ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும், மழைக்காலமானால் இரண்டு நாள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நின்று வெடிப்பு விடும். காய்ந்தபின் பழுப்பும் நீலமும் கலந்த கருநிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடைத்தெடுங்கள். பலகை அப்போதே உயிர்பெற்றதுபோல் ஆகிவிடும். அடுத்து, இளஞ்சிவப்புக் கலந்த மண்நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பாதிக்கு மேல் கந்தலில் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் படும்படி இலேசாக ஓட்டுங்கள். கடைசியாகச் சரிவுக் கோட்டின் கீழ்முனையில் ஒரு சொட்டு வெள்ளை. மூன்று நான்கு நிறத்துக்கு மேல் போகவேண்டாம். எல்லா டியூபையும் பிதுக்கினால் சாக்கடை நிறம்தான் வரும்.

முடிந்த பலகைகளை முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். அக்ரிலிக் வெக்கையில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவரில் மாட்டும்போது பின்பக்கத்து மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் நடுவே காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது.