உப்புத் தண்ணி வீடுகளுக்கு ஒரு டஜன் குறிப்புகள்

கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரமாகக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஒரு வீட்டு போரில் நல்ல தண்ணி, எதிர்வீட்டில் வாயில் வைக்க முடியாத உவர். செக் நாட்டுப் பில்சனின் மென்மையான தண்ணிக்கு ஒரு பியர், இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரின் ஜிப்சம் தண்ணிக்கு வேறொரு பியர் என்று அங்கெல்லாம் தண்ணியை வைத்தே பேர் வாங்கினார்கள். வீட்டில் பியர் காய்ச்ச நம்ம ஊர்ச் சட்டம் விடாது; ஆனால் பியருக்கேற்பத் தண்ணியைப் பதப்படுத்தும் வித்தை நம் டிகாக்‌ஷனுக்கும் மாவுக்கும் கூழுக்கும் நன்றாகவே பொருந்தும்.

1. தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கினாலே போதும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. கிருமி இருக்கிறதா என்று மீட்டர் சொல்லாது, அதற்கு அடுப்புதான்.

2. மீட்டர் இல்லையா? பாட்டிலில் பாதி தண்ணி விட்டு, துணி துவைக்கும் பார் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் வெள்ளைத் திரி திரியாக மிதந்தால் கடினத் தண்ணி.

3. கடினத் தண்ணியைத் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, மேல் தண்ணியை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். இதில் உப்புக் கரிப்பு மட்டும் போகாது. ஆவி போகப் போக இன்னும் ஏறத்தான் செய்யும்.

4. கரிப்புக்கு எளிய வழி நல்ல தண்ணியைக் கலப்பதுதான். காபிக்கு 150 அளவில் டி.டி.எஸ். இருந்தால் நல்லது என்கிறது ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன். ஆர்.ஓ. தண்ணி 50, போர் தண்ணி 950 என்றால் எட்டு டம்ளர் ஆர்.ஓ. தண்ணிக்கு ஒரு டம்ளர் போர் தண்ணி சேர்த்துக் கொதிக்க வையுங்கள், கணக்கு சரியாக 150-ல் நிற்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணியில் போட்ட டிகாக்‌ஷன் சப்பென்று இருப்பதாகப் புலம்புகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். கேன் செலவிலும் கொஞ்சம் மிச்சம்.

5. பஞ்சாயத்துக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கும் நாளில், அகலப் பாத்திரத்தில் பிடித்து மெல்லிய துணி கட்டி இரவு வைத்துவிடுங்கள். அவசரமென்றால் காபி ஆற்றுவதுபோல இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றலாம்.

6. இட்லி மாவு அரைக்க அந்த வாடை போன தண்ணிதான் சரி. குளோரின் கிருமியைக் கொல்ல வந்தது, மாவைப் பொங்க வைக்கும் நல்ல கிருமியை மட்டும் விட்டுவைக்குமா? உவர்த் தண்ணியில் அரைத்தால் உப்பைப் பாதியாக்கி, கரைக்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள்.

7. ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்கும்போதும் வாடை போன தண்ணிதான். உப்பு மறுநாள் காய்ச்சும்போது போட்டால் போதும்.

8. பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதா? ஊறவைக்கவும் வேகவைக்கவும் 3-ல் சொன்ன தண்ணியையோ மழைத் தண்ணியையோ எடுங்கள், சிலிண்டர் கூட நாள் வரும். ஆப்பசோடா போட்டாலும் வேகும்தான், பி1 வைட்டமின் போய்விடும்.

9. கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணியின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே 40 அடி இருக்கும் என்பது நிலத்தடிநீர்க் கணக்கு. அந்த ஓர் அடியை உறிஞ்சிவிட்டால் உப்பு 40 அடி மேலே ஏறும். அதனால் மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் என்று பிரித்து ஓட்டுங்கள். நெம்மேலியில் 2013-லும் 2024-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அந்தத் தண்ணி சென்னைக்குப் போகிறது, நாம் நம் போரைத்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

10. ஐப்பசி மழையில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டி மூடி போட்ட டிரம்மில் பிடியுங்கள். 100 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர், அத்தனையும் மென்மையான தண்ணி. கொதிக்க வைத்த பிறகே குடிக்க.

11. தண்ணி கலங்கலாக வந்தால் தேத்தான்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசிவிட்டு ஊற்றுங்கள், சேறு அடியில் இறங்கிவிடும். தெளிந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

12. கெட்டிலில் வெள்ளைப் படலம் ஏறிவிட்டால், பிழிந்த எலுமிச்சை மூடிகளைப் போட்டுத் தண்ணியைக் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணி வீடு துடைக்க, கழிவறைக்கு ஆகும். துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றாதீர்கள், தென்னை மட்டும் ஓரளவு தாங்கும்.