டாலர் தாளில் ஆண்டைப் பாருங்கள்

துவரை பார்க்கத் தான்சானியா போகிறேன் என்றதும் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஆளாளுக்கு ஒரு பயம் சொன்னார்கள். சிங்கம் திரியுமாம், வழிப்பறி நடக்குமாம். தார் எஸ் சலாமிலும் சரி, தெற்கே முத்வாராவிலும் சரி, என் சட்டைப்பையை ஒருவரும் தொடவில்லை. என் பணத்தில் கைவைத்தவர் சேலத்தில் டாலர் மாற்றிக் கொடுத்த தரகர்தான்.

அவர் தந்த நூறு டாலர் தாள்களில் பாதிக்கு மேல் 2006க்கு முந்தைய வரிசை. அமெரிக்காவில் அவை இன்றும் செல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவில் கள்ளநோட்டுக்குப் பயந்து வாங்க மாட்டார்கள். தாளின் முகப்பிலேயே ஆண்டு பொடி எழுத்தில் இருக்கிறது. முத்வாராவில் கடைக்குக் கடை அதைத்தான் முதலில் பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள். ஒருவர் மட்டும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். சாம்பிள் பார்த்து, விலை பேசி முடித்த சரக்குக்கு முன்பணம் கட்ட முடியவில்லை. அது வேறு கைக்குப் போயிற்று. ஊர் திரும்பித் தரகரிடம் கேட்டால், "டாலர்னா எங்க போனாலும் டாலர்தானுங்க" என்கிறார். தினமும் டாலரைத் தொடுகிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

2013க்குப் பிந்தைய வரிசையாக, கிழிசலோ பேனாக் கோடோ இல்லாததாக, எண்ணும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். சில்லறை டாலருக்கு விலை குறைவு, நூறாகவே கொண்டுபோங்கள். இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் எம்பெசா அங்கே 2008லேயே வந்துவிட்டது. நம் யுபிஐ வந்தது 2016ல். ஒரு காலத்தில் அங்கே புழங்கியதும் ரூபாய்தான். ஜெர்மானியர் ஆட்சியில் அவர்கள் அடித்த வெள்ளிக்காசுக்கு ரூபி என்று பெயர். சான்சிபாரில் ரூபாய் 1935 வரை ஓடியது.

நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ தங்கிப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தான்சானியாவில் பிளாஸ்டிக் கேரிபேக் 2019 ஜூன் முதல் தடை. மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பேசும்போது கவனம். சுவாஹிலிக்காரர்கள் உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம் பாட்டனார் நாழிகை எண்ணியதும் அப்படித்தானே. காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. மூன்று மணிக்கு லாரி என்றால் ஒன்பதுக்குப் போய் நில்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். அங்கே துவரையை விற்க மட்டும்தான் விளைவிக்கிறார்கள் என்று நம் மண்டியில் சொல்வது தவறு. கடற்கரை ஊர்களில் முழுத்துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, மாண்டாசி என்னும் எண்ணெயில் பொரித்த ரொட்டியோடு காலையில் சாப்பிடுகிறார்கள். சைவக்காரன் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகஸ்டில் போங்கள். அவர்களுக்கு அது அறுவடைக் காலம். நம் நாட்டுப் புதுத்துவரை வர மார்கழி ஆகும். ஆனால் 2017 பேச்சுக்குத் தயாராகப் போங்கள். அந்த ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு அளவு கட்டியதும் அங்கே விலை சரிந்தது. விதைத்தவர்களின் கோபம் நியாயமானது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். இறக்குமதிச் சலுகைக்கு நம் அரசு கொடுத்திருக்கும் கெடு எதுவரை என்று பார்த்துவிட்டு, அதற்குள் கப்பல் வந்து சேருமா என்று கணக்குப் போட்ட பிறகே விலை பேசுங்கள்.